மாந்தோப்பில் ஒரு காளான் கொலை: ரத்தமில்லாத மர்மக் கதை எழுத முழுமையான வழிகாட்டி

கத்தி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், நள்ளிரவுத் துரத்தல் வேண்டாம். ஒரு சின்ன ஊர் போதும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், சாவும் சாப்பாட்டு வேளையில்தான் வரும். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் பக்கத்துத் தெரு அக்கா ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். கோஸி மிஸ்டரி என்று புத்தகக் கடைகளில் தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். இந்த வகைக்குக் காட்டுக் காளான் மாதிரி வாகான ஆயுதம் வேறில்லை. அது அடுப்படியில் இருக்கும், அன்போடு பரிமாறப்படும். தப்பாகிப்போனாலும் "பாவம், தெரியாம பறிச்சிட்டாங்க" என்று ஊரே சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

இங்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்பு ஒன்றில் நடக்கும் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறேன். ஊரும் ஆட்களும் கற்பனை. காளானும் நஞ்சும் சட்டமும் மாங்காயும் நிஜம்.

படி 1: மழையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பக்கத்தில் காளானுக்கு இரண்டு காலம். மே கடைசியிலிருந்து ஜூன் வரை, கோடை மழையும் தென்மேற்குப் பருவத்தின் முதல் தூறல்களும் இடியோடு விழும் நாட்கள் ஒன்று. செப்டம்பர், அக்டோபர் மழை இன்னொன்று. இரண்டில் எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும்.

இரண்டாவதை எடுத்தால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போங்கள். ராகி வயலில் கதிர் பிடிக்கும் நேரம். யானைக்குப் பயந்து பரணில் காவல் கிடப்பவர்கள் இருப்பார்கள். இரவில் யார் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு நல்ல சாட்சிகள் கிடைப்பார்கள்.

நான் ஜூனை எடுக்கிறேன், காரணம் மாங்காய்தான். காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்தில் அது அறுவடை மும்முரம். கிளிமூக்கு மாதிரி இருப்பதால் கிளிமூக்கு மாங்காய் என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் ரகம் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகும். விலை விழுந்தால் ஊரே முகம் சுருங்கும். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடப்பதும் இந்தப் பருவத்தில்தான். பூ பிடித்தபோதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கடன், தோப்புக்காரருக்குக் கோபம், தரகருக்குக் கமிஷன். மோட்டிவைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

படி 2: மூன்று காளான்களைத் தெரிந்துகொள்ளுங்கள், நான்கு வேண்டாம்

புது எழுத்தாளர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பத்து வகைப் பெயரைக் கொட்டினால் வாசகர் தூங்கிவிடுவார். மூன்றே போதும்.

முதலாவது, எல்லாருக்கும் பிடித்த புற்றுக் காளான். கறையான் தன் புற்றுக்குள் பூஞ்சையை வளர்க்கிறது. மழை ஈரம் இறங்கியதும் அந்தப் பூஞ்சை நீண்ட வேர் போன்ற தண்டோடு மண்ணைப் பிளந்து மேலே வந்து குடை விரிக்கும். பிடுங்கினால் அந்த வால் நீளமாக வரும். கறையான் இல்லாமல் இதை வியாபார அளவில் வளர்க்க இதுவரை யாராலும் முடியவில்லை. அதனால் கிடைக்கும் இடத்துக்கு மதிப்பு. அதே புற்றில் அடுத்த வருஷமும் வரும் என்பதால், இடத்தைச் சொந்த மருமகளிடம்கூடச் சொல்லாத மாமியார் ஒருவர் உங்கள் கதையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, புல்தரையிலும் தோப்பு ஓரத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக வரும் பச்சைச் செதில் காளான். இளசாக இருக்கும்போது குடையின் அடிப்பக்கம் வெள்ளைதான். முற்றினால் பச்சை ஓடும். வெப்ப நாடுகளில் காளான் தின்று வாந்தியெடுப்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிப் போடும். ஆளைக் கொல்வது அபூர்வம்.

மூன்றாவது, ஆங்கிலத்தில் டெத் கேப் என்று சொல்லும் கொல்லும் காளான். ஐரோப்பாவைப் பூர்வீகமாகக் கொண்டது. ஓக், பைன் போன்ற சில மரங்களின் வேரோடு சேர்ந்துதான் வாழும். மரக்கன்றுகளோடு பயணம் செய்து ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா வரை போய்விட்டது. இதிலுள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் அது ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு தகவலுக்காகவே இந்தக் கதையை எழுதலாம்.

புளி, மா, வேம்பு இவற்றின் வேரோடு அது சேராது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம் மாந்தோப்பில் தானாக முளைக்காத காளான் ஒருவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றால், அது பறித்தவரின் தவறாக இருக்கவே முடியாது. விபத்துக்கும் கொலைக்கும் நடுவிலுள்ள கோட்டை மண்ணே போட்டுத் தருகிறது.

படி 3: நஞ்சின் கடிகாரத்தை முதலில் எழுதுங்கள்

கதைச் சுருக்கம் எழுதும் முன் ஒரு தாளில் ஆறு நாளைக் கட்டம் போடுங்கள். அமாடாக்சின் வேலை செய்யும் விதம் இப்படி: சாப்பிட்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை, சில சமயம் இன்னும் அதிகமாகவும், ஒன்றுமே தெரியாது. அப்புறம் கடுமையான வாந்தி, பேதி. அது ஒரு நாள் போல ஓடி அடங்கும். அடுத்து ஆள் தேறிவிட்டது போலத் தோன்றும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும். கைமீறிப் போனால் வாரத்துக்குள் மரணம்.

நம் கதையில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தோப்பு வீட்டில் களியும் காளான் குழம்பும். சனிக்கிழமை விடியற்காலை தோப்புக்காரரான பெரியவருக்கு வாந்தி. அரசு மருத்துவமனையில் சலைன் ஏற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிறார், கூழ் ஆலை விலையை விசாரிக்கிறார், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். செவ்வாய்க்கிழமை கண் மஞ்சள். "காமாலைங்க" என்கிறார் ஒருவர். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், பத்தியம் வைக்கிறார்கள். தொண்ணூறு கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தும் புதன்கிழமை இரவுதான் வண்டி கிளம்புகிறது. வியாழக்கிழமை சாவு. ஊர் சொல்லும் காரணம் மஞ்சள் காமாலை. ஆறு நாள் முன்னால் சாப்பிட்ட காளான் யாருக்கும் ஞாபகம் இல்லை. கொலை ஒன்று நடந்ததே தெரியாமல் காரியம் வரை போய்விடுகிறது.

இந்தத் தாளில் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். என் கணக்கில் மொத்த நாவலும் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுதப்பட வேண்டும். மற்ற மர்மக் கதைகளில் செத்தவர் முதல் அத்தியாயத்திலேயே வாய் மூடிவிடுவார். இங்கே அவர் ஒரு நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாரோடும் பேசுகிறார். பழைய சண்டைக்காரர் வந்து நலம் விசாரிக்கிறார். பேத்தி கதை கேட்கிறாள். கொலையாளியும் எதிரில் உட்கார்ந்து பழம் நறுக்கிக் கொடுக்கிறான். "அது வேற காளான் பெரிப்பா, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பிழைக்க வழியிருக்கிறது. அவன் சொல்லவில்லை. விஷம் வைத்ததற்கு ஏதாவது சாக்குச் சொல்லி வாதாடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படி வாதாட முடியாது. அவனை வில்லனாக்கும் அத்தியாயம் அதுதான். ஆனால் முதல் முறை படிக்கும்போது அது கதையிலேயே மிக இதமான அத்தியாயமாக இருக்க வேண்டும். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.

படி 4: இரண்டாவது விஷத்தைக் கலந்து குழப்புங்கள்

பெரியவர் மட்டும் படுத்தால் சந்தேகம் உடனே வரும். அதனால் வெள்ளி இரவே மற்ற நாலு பேருக்கும் வாந்தி வர வேண்டும். பொதுச் சட்டியில் பச்சைச் செதில் காளான் கொஞ்சம் கலந்திருக்கிறது. அவர்கள் பத்து மணிக்கே சுருண்டு, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுந்துவிடுகிறார்கள். ஊர் முடிவு: காளானில் ஏதோ கோளாறு, எல்லாருக்கும்தான் வந்தது, பெரியவருக்கு வயசாச்சு.

சீக்கிரம் வேலை செய்யும் காளானும் மெதுவாகக் கொல்லும் காளானும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் மருத்துவர்களே தடுமாறுவதுண்டு. சீக்கிரம் வந்த வாந்தியைப் பார்த்து ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடலாம். எனவே இந்தத் திருப்பம் மருத்துவ ரீதியாக நிற்கும்.

பெரியவருக்கு மட்டும் தனியாகப் போவது எப்படி? ரத்தக் கொதிப்புக்காக அவருக்கு உப்பில்லாத சட்டி தனியாக இறக்குவார்கள் என்று வைத்தேன். ஊருக்கே தெரிந்த பழக்கம்தான், யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்க மாட்டார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் "உப்பில்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா" என்று அவரைப் புலம்ப விட்டால் போதும், துப்பு விதைத்தாகிவிட்டது.

எவ்வளவு, எங்கே கிடைக்கும், எப்படிப் பதப்படுத்துவது என்பதையெல்லாம் எழுதவே வேண்டாம். கதைக்கு அது தேவைப்படாது.

படி 5: துப்பறிபவருக்கு ஒரு வேலை கொடுங்கள்

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் வேண்டாம், அலுத்துவிட்டது. பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவரை எடுங்கள். ஊர்க் குழந்தைகள் இன்னமும் அவரைச் சத்துணவு டீச்சர் என்றுதான் கூப்பிடும். இருநூறு பிள்ளைக்கு அரிசி அளந்து, பருப்பு அளந்து, பதிவேட்டில் எழுதி, ஆய்வுக்கு வந்தவர்களிடம் கணக்கு ஒப்புவித்தவர். எந்த வீட்டில் யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால் முதல் கேள்வி "எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?" என்று கேட்டுப் பழகியவர்.

அந்தப் பழக்கம்தான் கதையைத் திறக்கும். பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி பரிமாறும்போது யாரோ அன்றைய வாந்தியைப் பற்றிப் பேச, டீச்சர் விரல் விட்டு எண்ணுகிறார். நாலு பேருக்குப் பத்து மணி. அவருக்கு மட்டும் விடியற்காலை. ஒரே குழம்பென்றால் ஏன் இரண்டு நேரம்?

படி 6: பொய் சொல்லும் நல்லவர்கள்

இந்த வகைக் கதையில் எல்லாரும் ஏதாவது மறைக்க வேண்டும், ஒருவர் மட்டும்தான் கொலையை மறைக்கிறார். எங்கள் கதையில் நாலு பேர்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், வெள்ளிக்கிழமை தான் ஊரிலேயே இல்லை என்கிறார். உண்மையில் கூழ் ஆலை ஆட்களோடு தனியாக விலை பேசப் போயிருந்தார்.

காளான் விற்ற பாட்டி, பட்டா நிலத்தில் பறித்ததாகச் சாதிக்கிறார். அவர் பறித்தது காப்புக்காட்டில். வனத்துறை பிடித்தால் வழக்கு வருமோ என்ற பயம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பரம்பரையாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்குச் சிறு வன மகசூல் எடுக்க உரிமை தருகிறது என்பது பாட்டிக்கு யாரும் சொல்லாத செய்தி. டீச்சர் அதைச் சொல்லும்போதுதான் அவர் வாய் திறக்கிறார். இந்தப் பாத்திரத்தில் ஒரு எச்சரிக்கை: மலைவாழ் மக்களை மந்திரம் தெரிந்த கிழவியாகவோ, சந்தேகத்துக்கு வசதியான அந்நியராகவோ எழுதுவது சோம்பேறித்தனம். நிபுணராக எழுதுங்கள். அந்தக் கதையில் காளானைப் பற்றி நிஜமாகவே தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சமையல்காரம்மா மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்து, நிறம் மாறவில்லை என்று பார்த்ததாகச் சொல்கிறார். பார்த்தது நிஜம். மஞ்சள், பூண்டு, வெள்ளிக் காசு, பூச்சி அரித்த காளான் நல்லது என்ற கணக்கு, இவற்றில் எதுவும் விஷத்தைக் காட்டிக் கொடுக்காது. அது தெரியாமல் இத்தனை வருஷம் நம்பிக்கையோடு சமைத்தவரின் குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள்.

நாலாவது, தம்பி மகன். ஓசூரில் தொழிற்சாலை இன்ஜினியர். பயிற்சிக்காக ஜெர்மனி போய்விட்டுப் போன நவம்பரில் திரும்பியவன். ஐரோப்பாவில் அந்தக் காளான் தலைகாட்டுவது இலையுதிர் காலத்தில் என்பதால் மாதம் ஒத்துப்போகிறது. அவனை முதல் அத்தியாயத்திலேயே சாக்லேட்டோடு அறிமுகப்படுத்திவிடுங்கள், பிறகு ஜெர்மனி என்ற சொல்லே வரக்கூடாது. தோப்பை மனை போட்டு விற்க வேண்டும் என்பது அவன் ஆசை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெரிப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். தொழிற்பேட்டை விரிவாகும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல.

படி 7: துப்புகளைச் சாப்பாட்டுப் பேச்சில் ஒளியுங்கள்

முக்கியமான துப்பை ஞாயிற்றுக்கிழமை பெரியவரே சொல்லிவிடுகிறார். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு: "பெங்களூரா டன்னு இன்னாத்துக்கு இப்பிடி விழுந்துச்சோ தெரியல. அன்னிக்கி என் சட்டிக் காளான் மட்டும் வத்தலாட்டம் ஜவ்வுனு இருந்துச்சு, ஆனா ருசிதான். கூழ்க்காரனுங்க எல்லாம் பேசி வச்சிக்கினு அடிக்கிறானுங்க." வாசகர் மாங்காய் விலையைத்தான் கவனிப்பார். அன்றைக்குப் பறித்த காளான் ஏன் வத்தல் போல இருக்க வேண்டும் என்ற கேள்வி இருநூறு பக்கம் கழித்து டீச்சருக்கு வரும்.

இரண்டாவது துப்பு, எவர்சில்வர் தட்டு. வெட்டாத காளான் குடை ஒன்றைச் சமையல்காரம்மா தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் அதன் அடியில் பச்சை நிறத்தில் பொடி படிந்திருந்தது. தேய்த்தும் லேசாகப் போகவில்லை என்று முறைக்கிறார். குடையிலிருந்து இரவெல்லாம் உதிரும் வித்துப் பொடிக்கு வகைக்கு ஒரு நிறம்: புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்பு கலந்தது, கொல்லும் காளானுக்கு வெள்ளை, பச்சைச் செதிலுக்குப் பச்சை. காளான் விற்ற பாட்டி கொடுத்தது புற்றுக் காளான் மட்டும்தான் என்று அவர் சத்தியம் செய்வதற்கு இந்தத் தட்டுதான் சாட்சி. பச்சை வந்தது வேறு கையிலிருந்து.

மூன்றாவது, வால். பாட்டி பிடுங்கிய காளான் எல்லாம் மண்ணோடு நீள வாலோடு வந்தது. குப்பையில் கிடந்த சில தண்டுகள் மட்டும் கத்தியால் தரைமட்டத்தில் நறுக்கியவை. காளான் பறித்துப் பழகாதவன் கை.

ஆய்வக அறிக்கையைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்காதீர்கள். வாசகருக்கு அது துரோகம். அது உறுதிப்படுத்த மட்டும் வரட்டும்.

படி 8: போலீஸைச் சரியாக எழுதுங்கள்

கதை 2024 ஜூலை 1க்குப் பின்னால் நடந்தால் சந்தேக மரண விசாரணைக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு, கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முன்னால் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. எழுத்தாளர்கள் இன்னமும் 302ஐ விட மனமில்லாமல் இருக்கிறார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவரைப் புதைத்தார்களா எரித்தார்களா என்பது கதையின் போக்கையே மாற்றும். புதைத்திருந்தால் நிர்வாக நடுவர் உத்தரவில் தோண்டி எடுக்கலாம், அது ஒரு அத்தியாயம். நான் எரித்துவிடச் சொல்வேன். சமையலறையிலும் பேச்சிலும் மட்டும் சாட்சி மிச்சம் இருக்கும்போதுதான் சத்துணவு டீச்சருக்கு வேலை.

நிஜ வழக்கு ஒன்றைப் பார்த்துச் சாட்சிகளின் தன்மையைப் புரிந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2023 ஜூலையில் ஒரு மதிய விருந்தில் கொல்லும் காளான் சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். விருந்து வைத்தவர் 2025 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பானது. குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டு வந்த, உணவு உலர்த்தும் மின்கருவி அந்த வழக்கில் பெரிய சாட்சியாக நின்றது. நம் கொலையாளியும் எதையோ தூக்கிப் போட்டிருப்பான். அது என்ன, எந்தக் கிணற்றில் என்று முடிவு செய்யுங்கள். அந்தக் குடும்பத்தின் துயரத்தை மட்டும் அப்படியே எடுத்துக் கதையாக்காதீர்கள்.

படி 9: பேச்சு வழக்கு

கோவைப் பக்கத்து "ஏனுங்க"வைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பேச்சில் "இன்னா", "வந்துக்கினு" மாதிரி வடக்கத்திச் சாயல் உண்டு. ஓசூரை நெருங்க நெருங்கத் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகவே இருக்கும். ஒரு பாத்திரம் கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறுகிறார் என்று ஒரு வரி போதும்.

படி 10: முடிச்சு அவிழும் இடம்

எல்லாரையும் ஒரு அறையில் கூட்டி வைத்துப் பேசுவது இந்த வகையின் சம்பிரதாயம். அதை விட்டுவிடாதீர்கள், வாசகர் அதற்குத்தான் காத்திருக்கிறார். ஆனால் அறைக்குப் பதில் அதே சமையலறையில் டீச்சர் இரண்டு சட்டி இறக்கட்டும். ஒன்றில் அன்றைக்குப் பறித்த காளான், இன்னொன்றில் கடையில் வாங்கிக் காயவைத்து ஊறவைத்த சிப்பிக் காளான். இரண்டும் நல்லதுதான். சமையல்காரம்மா, பாட்டி, குத்தகைக்காரர் எல்லாரும் மென்று பார்த்து, "இது ஜவ்வுனு இருக்கே" என்கிறார்கள். பெரியவர் சொன்ன வார்த்தை பேத்தி வாயிலிருந்து வருகிறது. தம்பி மகன் மட்டும் இரண்டாவது சட்டியைத் தொடவில்லை.

அவன் தொடாதது சட்டப்படி சாட்சியாகாது. அதனால் கிணற்றில் போட்ட பொருளை இன்ஸ்பெக்டர் கையில் அதற்கு முந்தின அத்தியாயத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

படி 11: திருத்தம்

முதல் வரைவு முடிந்ததும் ஆறு நாள் கட்டத்தை எடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்திலும் வரும் மணியை அதோடு ஒப்பிடுங்கள். மழை பெய்த மறுநாளே காளான் கூடையோடு வந்தால் புற்றுக்கு ஈரம் இறங்க நேரம் கொடுத்தீர்களா என்று பாருங்கள். முன்னுரையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் காளான் பறிக்க வேண்டாம் என்று ஒரு வரி வையுங்கள். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் தின்று பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களும் பார்த்துப் பறித்தவர்கள்தான்.

அப்புறம் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள்: நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் ஒருவர். எந்தப் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நர்ஸ் செவ்வாய்க்கிழமை அத்தியாயத்தில் பிடித்தால் பரவாயில்லை, அவருக்குக் கல்லீரல் தெரியும். சமைப்பவர் ஞாயிற்றுக்கிழமையிலேயே பிடித்துவிட்டால், அந்த வத்தல் வரியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மாங்காய் விலையைப் போடுங்கள்.